கோபுரம் கட்டியது விபூதியா, பெண்ணா?

திருவண்ணாமலைக் கோயிலுக்கு நான்கு திக்கிலும் நான்கு பெரிய கோபுரங்கள் இருக்கின்றன. கிழக்கே இருப்பது இராஜ கோபுரம். அதன் உயரம் 217 அடி. தெற்கே திருமஞ்சன கோபுரம். மேற்கே பேய்க் கோபுரம். வடக்கே 171 அடி உயரத்தில் நிற்பதற்கு அம்மணி அம்மன் கோபுரம் என்று பெயர். பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கான ஜனங்கள் வந்து மலையைச் சுற்றிப் போகிறார்கள். அவர்களில் பலர், அம்மணி அம்மன் என்பதும் ஏதோ ஒரு சாமியின் பெயர் என்றே நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்கள். அது சாமியின் பெயரல்ல. நம்மைப்போல் சோறு தின்று, வெயிலில் நடந்து, செத்துப்போன ஒரு மனுஷியின் பெயர்.

இந்த அம்மாளைப் பற்றி ஊரார் சொல்லும் கதை இதுதான். செங்கத்தை அடுத்த சென்னசமுத்திரம் என்னும் கிராமத்தில் பிறந்த பெண். இயற்பெயர் அருள்மொழி. பருவம் வந்ததும் வழக்கம்போல் வீட்டார் கல்யாணம் பேசினார்கள். பெண் வேண்டாம் என்றாள். கேட்பார் இல்லை. கடைசியில் ஊர்க் குளத்தில் போய்க் குதித்துவிட்டாள். மூன்று நாள் கழித்து உயிரோடு வெளியே வந்தாள் என்றும், அதைக் கண்ட ஊரார் இவள் தெய்வப் பெண் என்று சொல்லி விட்டுவிட்டார்கள் என்றும் கதை போகிறது. பிறகு திருவண்ணாமலைக்கு வந்து சேர்ந்தார். அரைகுறையாய் நின்றுகிடந்த வடக்குக் கோபுரத்தைக் கட்டி முடிப்பதென்று கிளம்பினார். வீடு வீடாய்ப் போய்ப் பணம் திரட்டினார். மைசூர் மன்னரிடம்வரை போய்க் கேட்டார் என்கிறார்கள். பணம் போதாதபோது வேலைக்காரர்களுக்குக் கூலியாக விபூதியை அள்ளிக் கொடுத்தார் என்றும், அவரவர் வேலைக்குத் தக்கபடி அது காசாக மாறிற்று என்றும் சொல்கிறார்கள்.

இதில் நடந்தது எது, கட்டியது எது என்று பிரித்துப் பார்க்கப் பெரிய பண்டிதர் யாரும் வேண்டியதில்லை. கோபுரம் கண்ணெதிரே நிற்கிறது. அதற்கு ஒரு பெண்ணின் பெயரை ஊரே சொல்கிறது. எந்த அரசனும், எந்த ஜமீன்தாரும் அதில் பங்கு கேட்கவில்லை. இவ்வளவும் நம்பத்தக்கதே. மூன்று நாள் தண்ணீருக்குள் மூச்சில்லாமல் இருந்ததும், சாம்பல் காசானதும் புளுகு. ஆனால் நம் ஜனங்கள் எதை நினைவில் வைத்திருக்கிறார்கள் தெரியுமா? அந்தப் புளுகைத்தான். அம்மாள் நடந்த நடையை மறந்துவிட்டார்கள். அவர் தூவிய சாம்பலை மட்டும் மறக்கவில்லை.

கோபுரம் கட்டுவதென்றால் சும்மாவா? அடியிலே கருங்கல், அதற்கு மேலே செங்கல், சுண்ணாம்பு, சுதை. கல்லுக்கு ஒருவன், சூளைக்கு ஒருவன், வண்டிக்கு ஒருவன். சாரம் கட்டுவதற்கு மரமும் கயிறும். கல்தச்சர், கொத்தனார், சிற்றாள் என்று எத்தனையோ கைகள். பொழுது சாய்ந்தால் இத்தனை கைக்கும் கூலி கொடுத்தாக வேண்டும். வாரக் கூலி நின்றால் மறு வாரம் ஒருவன் மேலே ஏறமாட்டான். ஓர் அறை கட்டி முடிப்பதற்குள் குடும்பஸ்தன் படுகிற பாடு நமக்குத் தெரியாதா? கையிலே காசில்லாத ஒரு பெண், புருஷன் துணை இல்லாமல், அண்ணன் தம்பி துணை இல்லாமல், இரண்டு நூற்றாண்டுக்கு முன்னால், ரயில் இல்லாத காலத்தில், ஊர் ஊராய் நடந்து, கணக்கு வைத்து, ஆள் வைத்து, வேலை வாங்கி, இதை முடித்திருக்கிறார். இது அல்லவா அதிசயம்! இதைவிடச் சாம்பல் காசானது எந்த விதத்தில் பெரிய அதிசயம் என்று கேட்கிறோம்.

இராஜ கோபுரத்தைக் கிருஷ்ணதேவராயர் தொடங்கினார், தஞ்சாவூர் செவ்வப்ப நாயக்கர் முடித்தார் என்று சொல்கிறார்கள். அவர்கள் சாம்பலைக் காசாக்கினார்கள் என்று யாராவது கதை கட்டினார்களா? இல்லையே! அங்கே "அரசருடைய ஆற்றல், அரசருடைய செல்வம்" என்கிறார்கள். அந்தச் செல்வம் குடியானவன் கொடுத்த வரி என்பதைக்கூடச் சொல்வதில்லை. வடக்குக் கோபுரத்துக்கு வந்தால் மாத்திரம், "ஐயோ, பொம்பிளையால் ஆகிற காரியமா இது? தெய்வ சக்தியாகத்தான் இருக்கவேண்டும்" என்கிறார்கள். ஆண் செய்தால் கெட்டிக்காரத்தனம், பெண் செய்தால் அற்புதம்! இதுதான் நம் நாட்டுக் கணக்குப் புத்தகம்.

இங்கே சில தோழர்கள் நம்மை மடக்கலாம். "கோயில் வேண்டாம், குளம் வேண்டாம் என்கிற நீங்கள் கோபுரம் கட்டினவளைப் புகழலாமா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அந்த அம்மாள் அந்தச் செங்கல்லையெல்லாம் கொண்டு ஒரு பள்ளிக்கூடம் கட்டியிருந்தால் நாம் இன்னும் நூறு பங்கு சந்தோஷப்பட்டிருப்போம் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தக் காலத்தில் கல்யாணம் வேண்டாம் என்ற பெண்ணுக்கு எத்தனை வழி திறந்திருந்தது? வக்கீலாகலாமா? வைத்தியராகலாமா? வாத்தியாராகலாமா? குளம் ஒன்று, கோயில் ஒன்று; இந்த இரண்டுதான் அவள் கண்ணுக்கெதிரே இருந்தன. ஒன்றில் குதித்துப் பார்த்தாள். மற்றொன்றைக் கட்டி முடித்தாள். நாம் புகழ்வது கோபுரத்தையல்ல. "வேண்டாம்" என்ற அந்த வாயையும், முடித்துக் காட்டிய அந்தக் கையையும்தான்.

நிற்க. இதே திருவண்ணாமலையில் இன்னொரு ஸ்திரீயின் கதையும் சொல்லப்படுகிறது. வல்லாள மகாராஜா என்ற அரசனிடம் சிவன் ஓர் அடியார் வேஷத்தில் வந்து, தமக்கு ஒரு தாசி வேண்டும் என்று கேட்டாராம். ஊரில் இருந்த தாசிகள் எல்லோரும் அன்றைக்கு வேறு ஆட்களிடம் போய்விட்டார்களாம். கொடுத்த வாக்கைக் காப்பாற்றவேண்டுமென்று அரசன் தன் இளைய மனைவி சல்லமாதேவியை அனுப்பினானாம். அவள் கிட்டப் போனதும் சிவன் குழந்தையாக மாறினாராம். இந்தக் காரியத்துக்காக அரசனுக்குக் கோயிலுக்குள்ளே ஒரு கோபுரம். மாசி மகத்தில் அண்ணாமலையாரே புறப்பட்டுப் போய் அவனுக்குத் திதி கொடுக்கிற உற்சவம். வாக்குக் கொடுத்தவன் அரசன். போகச் சொல்லப்பட்டவள் மனைவி. புகழ் யாருக்கு? அரசனுக்கு! "உனக்குச் சம்மதமா?" என்று அந்த அம்மாளைக் கேட்டதாகப் புராணக்காரருக்கு ஒரு வரிகூட எழுதத் தோன்றவில்லை.

ஆகவே, போ என்றால் போகிற பெண்ணின் புகழ் அவளுடைய புருஷனுக்குப் போய்விடுகிறது. போகமாட்டேன் என்கிற பெண்ணின் புகழ் சாமிக்குப் போய்விடுகிறது. பெண்ணுக்கு மிஞ்சுவது என்ன?

"எங்கள் மதத்தில் பெண்ணுக்குப் பாதி உடம்பே கொடுத்திருக்கிறோமே!" என்று வைதிகர்கள் சொல்வார்கள். உமாதேவி இந்த ஊரில் தவம் செய்துதான் சிவனின் இடப்பாகத்தைப் பெற்றாள் என்பது தல புராணம். மெத்த சரி. அந்த அர்த்தநாரீசுவரர் வெளியே வந்து காட்சி கொடுப்பது எப்பொழுது? கார்த்திகைத் தீபத்தன்று மாலையில், மலைமேல் தீபம் ஏற்றுகிற சமயத்தில், சில நிமிஷங்கள் மட்டும். பிறகு உள்ளே போய்விட்டால் அடுத்த கார்த்திகைக்குத்தான். வருஷத்துக்குச் சில நிமிஷம் சரிபாதி! மீதி நாளெல்லாம் அடுப்படி. நம் வீடுகளில் பெண்ணுக்கு இருக்கும் உரிமையை இதைவிடத் தெளிவாக யாரும் எடுத்துக்காட்ட முடியாது.

இந்தத் தந்திரம் திருவண்ணாமலைக்கு மட்டும் சொந்தமல்ல. தமிழ்நாட்டுக் கதைகளில் தன் இஷ்டப்படி வாழ்ந்த பெண்களைச் சற்று எண்ணிப் பாருங்கள். சங்க காலத்து ஔவையார் அதியமானுடைய நண்பர்; அவனுக்காகத் தொண்டைமானிடம் தூது போனவர். அரசியல் தூது! எந்த வயதிலும் எந்தப் பெண்ணும் பெருமைப்படத்தக்க காரியம். பின்னால் வந்தவர்கள் அதே பெயர்கொண்ட பல புலவர்களை ஒன்றாகக் குழப்பி, கல்யாணத்திலிருந்து தப்புவதற்காகப் பிள்ளையாரிடம் வேண்டி இளமையிலேயே கிழவியானாள் என்று கதை கட்டினார்கள். காரைக்காலம்மையார் கதையையும் பாருங்கள். புருஷன் மிரண்டுபோய் வேறு ஊரில் வேறு கல்யாணம் செய்துகொண்டான். அவனை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை. அந்த அம்மாளோ உடம்பின் சதையை உதறிப் பேயுருவம் எடுக்கவேண்டியிருந்தது. அதாவது, பெண் ஒருத்தி தனியாகத் தெருவில் நடக்கவேண்டுமானால் கிழவியாக வேண்டும், அல்லது பேயாக வேண்டும், அல்லது அம்மனாக வேண்டும். மனுஷியாக மாத்திரம் நடக்கக்கூடாது!

வெள்ளைக்கார தேசத்தார் மட்டும் இதில் யோக்கியர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். பிரெஞ்சு தேசத்தில் ஜோன் என்ற குடியானவப் பெண் சேனையை நடத்திச் சென்றாள். 1431-இல் பாதிரிமார்கள் அவளை விசாரித்தார்கள். ஆண் உடை உடுத்தினாள் என்பதும் குற்றங்களில் ஒன்று. உயிரோடு எரித்துவிட்டார்கள். அப்பொழுது அவளுக்கு வயது சுமார் 19. பிறகு 1920-இல் அதே மதத்தின் தலைமைப்பீடம் அவளைப் புனிதவதி என்று அறிவித்தது. உயிரோடிருந்தபோது நெருப்பு, செத்து ஐந்நூறு வருஷம் ஆகப்போகும்போது மெழுகுவர்த்தி. எரித்த கையும் ஏற்றிய கையும் ஒரே இடத்துக் கைதான்.

பெண்ணுக்குத் தெய்வப் பட்டம் கொடுப்பதில் உள்ள சூழ்ச்சியை முழுதும் அறியவேண்டுமானால் தேவதாசி வழக்கத்தைப் பார்க்கவேண்டும். தேவரடியாள் என்று எவ்வளவு பெரிய பட்டம்! கடவுளுக்கே மனைவி! ஆனால் கடவுள் ஒரு நாளும் வந்து சோறு போட்டதில்லை. வந்தவர்களெல்லாம் மைனர்களும் மிராசுதாரர்களும்தான். இந்தப் பட்டத்தைக் கிழித்தெறிந்தவர்கள் யார்? பெண்கள்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்தார். அவர் தாயார் தேவதாசி வகுப்பில் பிறந்தவர். ஆண்கள் படிக்கிற புதுக்கோட்டைக் கல்லூரியில் இந்தப் பெண்ணைச் சேர்த்தால் மற்ற மாணவர்கள் கெட்டுப்போவார்கள் என்று ஆக்ஷேபித்தார்கள். மகாராஜா அதைத் தள்ளி இடம் கொடுத்தார். 1912-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் பட்டம் பெற்றார். கல்யாணம் செய்துகொள்ளும்போது, தம்மைச் சமமாக நடத்தவேண்டும், தம் இஷ்டத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று நிபந்தனை போட்டுத்தான் செய்துகொண்டார். சென்னைச் சட்டசபையில் உபதலைவரானார். 1927-இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டுவதை ஒழிக்கவேண்டுமென்று தீர்மானம் கொண்டுவந்தார். கலை அழியும், தர்மம் அழியும், சாமிக்குத் தொண்டு நின்றுபோகும் என்று பெரிய மனுஷர்களே கூப்பாடு போட்டார்கள். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் 1947-இல் நிறைவேறியது. இருபது வருஷம் பிடித்தது! கலை அழிந்ததா? இல்லை. தங்கை புற்றுநோயால் இறந்த துக்கத்தை மனதில் வைத்துக்கொண்டு, அடையாற்றில் 1954-இல் புற்றுநோய் ஆஸ்பத்திரியையும் உண்டாக்கினார் இந்த அம்மையார். விபூதியினாலல்ல, வீடு வீடாய் நன்கொடை கேட்டும், சர்க்காரை விடாமல் தொந்தரவு செய்தும்.

மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1883-இல் பிறந்தவர். ஏழைப் பெற்றோர் சிறு வயதிலேயே இவரை ஒரு தாசியிடம் விட்டுவிட்டார்கள். வளர்ந்ததும் கிழவர் ஒருவருக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். இவர் மறுத்துத் தமக்கு இசை கற்பித்தவரையே மணந்துகொண்டார். காலேஜ் படிப்புக் கிடையாது. ஆனாலும் 1936-இல், தாசி வாழ்வின் உள் மர்மங்களையெல்லாம் வெளியிட்டு ஒரு நாவலே எழுதி அச்சிட்டார். "தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்" என்பது அதன் பெயர். 1938-இல் இந்தி எதிர்ப்புப் படை திருச்சியிலிருந்து சென்னைக்கு நடந்தபோது, ஐம்பத்தைந்து வயதில் அந்தப் படையோடு நடந்தார். பின்பு சிறைக்கும் போனார். இவரும் வீடு விட்டு வீடு நடந்தவர்தான். அம்மணி அம்மாள் கோபுரத்துக்குக் கல் சேர்க்க நடந்தார். இவர் பெண்கள் கழுத்திலிருந்த பொட்டை அறுக்க நடந்தார். இருவர் நடைக்கும் வேண்டியிருந்த நெஞ்சழுத்தம் ஒன்றுதான்.

இவர்களை நம் காலத்துக்குக் கிட்டே இருந்ததால் அம்மனாக்க முடியவில்லை. போட்டோ இருக்கிறது, சட்டசபைக் குறிப்பு இருக்கிறது, அச்சுப் புத்தகம் இருக்கிறது. ஆகையால் இப்பொழுது வேறு தந்திரம் செய்கிறார்கள். படத்துக்கு மாலை போட்டு, "அவர்கள் எல்லாம் அபூர்வப் பிறவிகள், எல்லாப் பெண்ணும் அப்படி ஆக முடியுமா?" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய் மகளின் புத்தகத்தை மூடச் சொல்கிறார்கள். அபூர்வப் பிறவி என்பதும் அம்மன் என்பதும் ஒரே சரக்குத்தான். இரண்டும், "அவளைக் கும்பிடு, அவளைப்போல் நடக்காதே" என்பதற்கு மரியாதையான பெயர்கள்.

நாம் சொல்வது சரித்திர ஆராய்ச்சிக்காக அல்ல. அம்மணி அம்மாள் பிறந்ததாகச் சொல்லப்படும் இதே செங்கம் பக்கத்திலும், மலையடிக் கிராமங்களிலும், இந்தத் தமிழ்நாடு முழுவதிலும், கல்யாணம் வேண்டாம், படிக்கிறேன் என்று வாய் திறக்கும் பெண் பிள்ளைகள் இன்றைக்கும் இருக்கிறார்கள். 18 வயது நிறையாத பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைப்பது 2006-ஆம் வருஷத்துச் சட்டப்படி குற்றம். அப்படியிருந்தும், முகூர்த்தத்துக்கு முன் அதிகாரிகள் போய் நிறுத்திய கல்யாணங்களைப் பற்றிப் பத்திரிகையில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நிறுத்தப்பட்டது இத்தனை என்று பத்திரிகை சொல்லும். நிறுத்தப்படாதது எத்தனை என்று யார் சொல்வார்கள்? அந்தப் பெண் குளத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. 1098 என்ற எண்ணுக்கு டெலிபோன் செய்தால் கேட்பதற்கு ஆள் உண்டு. இதை ஒவ்வொரு வீட்டுப் பெண்ணுக்கும் சொல்லிவைப்பது நம் தோழர்கள் கடமை.

மூவலூர் அம்மையார் பெயரால் 1989-இல் சர்க்கார் ஏழைப் பெண்களுக்குக் கல்யாண உதவி கொடுக்கத் தொடங்கிற்று. 2022-இல் அதே பெயரில் அது உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்கு மாதம் 1000 ரூபாய் என்று ஆயிற்று. தாலிக்குக் கொடுத்தது போய், புத்தகத்துக்குக் கொடுப்பதாக மாறியது அந்த அம்மையாருக்கு மாலை போடுவதைவிடப் பெரிய மரியாதை என்பது நமது அபிப்பிராயம். பணம் சர்க்கார் கொடுத்தாலும், வாசற்படி தாண்ட விடவேண்டியவர் தகப்பனார்தான்.

சொத்து விஷயத்தையும் சொல்லாமல் விடுவதற்கில்லை. பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு வேண்டும் என்று 1929-இல் செங்கல்பட்டு மகாநாட்டில் தீர்மானம் செய்தபோது சிரித்தார்கள். தமிழ்நாட்டில் 1989-இலும், இந்தியா முழுமைக்கும் 2005-இலும் அது சட்டமாயிற்று. சட்டம் வந்தும் நடப்பது என்ன? தகப்பனார் கண்ணை மூடியதும் அண்ணன் தம்பிகள் சகோதரியை ரிஜிஸ்தர் ஆபீசுக்குக் கூட்டிப்போகிறார்கள். ஒரு புடவையும் கொஞ்சம் ரொக்கமும் கொடுத்து, விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். யாருக்கு விடுதலை? நிலத்துக்குப் பெண்ணிடமிருந்து விடுதலை! கையெழுத்துப் போடாத பெண்ணை, "கூடப் பிறந்தவர்களையே கோர்ட்டுக்கு இழுத்தவள்" என்று ஊர் தூற்றுகிறது. அவளை நாம் பாராட்டவேண்டாமா? சரித்திரத்தில் பெயர் வராவிட்டாலும் அவளும் அம்மணி அம்மாள் வழியில் வந்தவள்தான்.

தாய்மார்களே, தோழர்களே! அடுத்த முறை வடக்குக் கோபுரத்தின் பக்கம் போகும்போது கன்னத்தில் போட்டுக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் நிற்கும் குழந்தைக்கு, "இதை ஒரு மனுஷி நடந்து, கேட்டு, கணக்கு வைத்துக் கட்டி முடித்தாள். கட்டாயக் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னவள்" என்று சொல்லுங்கள். பிறகு வீட்டுக்குப் போய் உங்கள் மகளிடம், "அம்மா, உன் இஷ்டம் என்ன?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் சொல்லும் பதில் உங்களுக்குப் பிடிக்காததாய் இருந்தாலும் பொறுமையாய்க் கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குத் திருவண்ணாமலையை ஆயிரம் தடவை சுற்றினாலும் ஈடாகாது.